ஊசி தேவகோட்டையில், உத்தரவு சென்னையில்

இரவு ஒன்பதே முக்காலுக்கு ஊசி. ஒன்பதரைக்கும் கூடாது, பத்துக்கும் கூடாது. குழந்தையின்மைச் சிகிச்சையில் கருமுட்டைகளை முதிரவைக்கும் அந்தக் கடைசி ஊசி போட்ட 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டைகளை வெளியே எடுத்தாக வேண்டும். பிந்தினால் அவை சினைப்பையை விட்டுத் தாமே வெளியேறிவிடும். பத்து நாள் ஊசியும் வீண். தேவகோட்டையில் ஒரு பெண் இந்த ஊசிக்குக் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரத்தைக் குறித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய மருத்துவர் சென்னையில் இருக்கிறார். காலையில் ஸ்கேன் எடுத்தது காரைக்குடியில். முட்டை எடுக்கப்போவது மதுரையில். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். போன விடுமுறைக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன விந்தணு மதுரை லேபில் திரவ நைட்ரஜனுக்குள் உறைந்து கிடக்கிறது.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் என்றால் இதே பெண் ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போயிருப்பார். சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள், அப்புறம் எழும்பூர்ப் பக்கம் ஒரு லாட்ஜில் இரண்டு மூன்று வாரம். ஊரில் கேட்டால் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்று ஏதோ ஒன்று. இப்போது அந்த மூன்று வாரம் மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. போன் சுருக்கிக் கொடுத்தது அது. ஆனால் எந்தப் போனாலும் சுருக்க முடியாத ஒரு மிச்சம் இருக்கிறது. குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்கள் இன்று படுகிற அலைச்சலும் குழப்பமும் பெரும்பாலும் அந்த மிச்சத்தில்தான்.

செட்டிநாட்டுக்குத் தூரத்திலிருந்து நிர்வாகம் பண்ணுவது புதிதில்லை. ‘கொண்டுவிற்க’ப் போன காலத்தில் முதலாளி கானாடுகாத்தானில் இருப்பார், கடை ரங்கூனிலோ பினாங்கிலோ நடக்கும். அங்கே கடையை நடத்தும் மேலாளுக்கு மூன்று வருடக் கணக்கு. கடிதத்தில் உத்தரவு போகும், கணக்கு வரும். ஆனால் கப்பலேறுமுன் சம்பளச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்: யார் எதற்குப் பொறுப்பு, என்ன சம்பளம், எவ்வளவு காலம். தூரம் கூடக் கூட எழுத்தும் கூடியது. இன்றைய தூரத்து வைத்தியத்தில் எனக்குக் குறையாகத் தெரிவது இந்தச் சீட்டுதான். உத்தரவு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. பொறுப்பு எந்த ஊரில் இருக்கிறது என்பது எழுத்தில் இல்லை.

எது பயணிக்கிறது, எது பயணிக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் தெளிவாகும்.

பேச்சு பயணிக்கிறது. 2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், மத்திய அரசு தொலைமருத்துவ நடைமுறை விதிகளை வெளியிட்டது. இந்தியாவில் பதிவுபெற்ற மருத்துவர் இந்தியாவுக்குள் எங்கிருந்தும் நோயாளியிடம் பேசலாம், மருந்து எழுதலாம் என்று அது தெளிவுபடுத்தியது. குழந்தையின்மைச் சிகிச்சையில் இதனால் பெரிய வசதி. ஆரம்ப விசாரிப்பு, பழைய ரிப்போர்ட்டுகள், கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் அளவு, கணவரின் விந்துப் பரிசோதனை இவையெல்லாம் காகிதமும் பேச்சும்தான். ஆண்கள் விஷயத்தில் இது எதிர்பாராத நன்மை செய்திருப்பதாக நினைக்கிறேன். குறை பாதிக்குப் பாதி ஆண் பக்கமும் இருக்கலாம் என்று மருத்துவம் எத்தனையோ வருடமாகச் சொல்லியும், ஊர் பார்க்கும்படி மையத்தின் வரிசையில் உட்கார இங்கே எந்த ஆணும் லேசில் ஒத்துக்கொள்வதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசச் சம்மதிக்கிறார்கள். அதுவே பாதி வைத்தியம்.

ஸ்கேன் அப்படிப் பயணிக்காது. படம் போகும், கருவி போகாது. பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் ஓர் இடத்தோடு பதிவாகியிருக்க வேண்டும்; நினைத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பெண்சிசுக் கொலைக்குப் பேர்போன மாவட்டங்களைக் கொண்ட நாட்டில் அந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விளைவாக, முட்டை வளர்ச்சி பார்க்கும் ஸ்கேன் காரைக்குடியில் எங்கோ ஓர் இடத்தில், வேறொருவர் கையால் நடக்கும். அவர் முட்டை வளரும் நீர்ப்பைகளை எண்ணி, அளந்து, “வலது பக்கம் 6, இடது பக்கம் 5, பெரியது 17 மில்லிமீட்டர்” என்று எழுதுவார். சென்னை மருத்துவர் அந்த எண்களை வைத்து இன்றைய ஊசியின் அளவைக் கூட்டுவார், குறைப்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லாமல் இருக்கலாம். ஒருவர் அளக்கும் விதத்துக்கும் இன்னொருவர் அளக்கும் விதத்துக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் ஒரு நாள் முன்பின் ஆகிவிடும்.

லேப் சுத்தமாகப் பயணிக்காது. விந்தணுவை முட்டைக்குள் செலுத்தி, கருவை ஐந்து நாள் வளர்த்து, உறையவைத்து எடுக்கும் எம்ப்ரியாலஜிஸ்டுகள் எண்ணிக்கையில் குறைவு, இருப்பவர்களும் பெரிய நகரங்களில்தான். சிறிய ஊர் மையங்கள் இதற்குக் கண்டுபிடித்த வழிக்கு ‘பேட்ச்’ என்று பெயர். எம்ப்ரியாலஜிஸ்ட் மாதத்தில் ஒரு வாரம் வருவார். பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு மாத்திரை கொடுத்து மாதவிலக்கைத் தள்ளிவைத்து, எல்லோருக்கும் அந்த ஒரே வாரத்தில் முட்டை எடுக்கும்படி சரிக்கட்டுவார்கள். பெண்ணின் உடம்பு டாக்டரின் டைரிக்கு ஒத்துப்போகிறது. இதனால் செலவு குறைகிறது, அதை மறுக்க முடியாது. ஒரு சுற்றுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் சிகிச்சையில் அதுவும் முக்கியம். ஆனால் முட்டை எடுத்த மறுநாள் அந்த எம்ப்ரியாலஜிஸ்ட் ஊரில் இருக்கிறாரா, கரு வளரும் ஐந்து நாளும் யார் கண் அதன் மேல் இருக்கிறது என்று கேட்டுவிட்டே பணம் கட்ட வேண்டும். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் அதுவே பதில்.

லேபையும் பயணிக்கவைக்கும் முயற்சி நடக்கிறது. கரு வளரும் பெட்டிக்குள்ளேயே கேமரா வைத்துச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம் எடுக்கும் இன்குபேட்டர்கள் வந்து பல வருடம் ஆகிறது. அந்தப் படங்களை வேறு நகரத்தில் உட்கார்ந்து பார்த்து, எந்தக் கருவை வைக்கலாம் என்று சொல்ல முடியும். ஒரு படி மேலே போனதாக 2025-இல் செய்தி வந்தது. மெக்சிகோவின் குவாதலஹாராவில் 40 வயதுப் பெண்ணுக்காக, விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையை ஒரு தானியங்கிக் கருவி செய்தது. அதை இயக்கியவர்களில் ஒரு பகுதியினர் 3,700 கிலோமீட்டர் தள்ளி நியூயார்க் மாநிலத்தில் இருந்தார்கள். ஐந்து முட்டைகளில் நான்கு கருவுற்றன. ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஒரு முட்டைக்குப் பத்து நிமிடம் பிடித்தது, கைதேர்ந்தவர் செய்வதைவிட மெதுவுதான். வேகம் நாளை கூடிவிடும். முட்டை ஒரு நாட்டில், பொத்தான் இன்னொரு நாட்டில் என்றானால் தவறு நடக்கும்போது எந்த நாட்டுச் சட்டம்? நம்முடைய சட்டம் பதிவுபெற்ற ஒரு கட்டடத்தையும் அதில் இருக்கும் ஆட்களையும் நினைத்து எழுதப்பட்டது. பொத்தான் அதன் கற்பனையில் இல்லை.

ரோபோவெல்லாம் இருக்கட்டும், இன்றைக்கே நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஊசிகளால் சில பெண்களுக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டுவிடும். வயிறு உப்பும், வாந்தி வரும், மூச்சு வாங்கும். முற்றினால் வயிற்றில் நீர் கோத்து, ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இது பெரும்பாலும் முட்டை எடுத்துச் சில நாள் கழித்து, வீட்டில் இருக்கும்போது வரும். இரவு இரண்டு மணிக்கு அந்தப் பெண் போவது பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு இவர் என்ன ஊசி போட்டார், எத்தனை முட்டை எடுத்தார்கள் என்று எதுவும் தெரியாது. எல்லாம் போனுக்குள், ஏதோ ஓர் ஆப்பில், ஆங்கிலத்தில் இருக்கிறது. காகிதத்தில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்வது எவ்வளவு பழைய யோசனை! ஆனாலும் அது இல்லாமல் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.

சட்டத்துக்கு வருவோம். இந்தத் துறைக்கும் அரசுக்கும் இந்தியாவில் முதல் சந்திப்பே கோணலாகத்தான் நடந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் 1978 ஜூலை 25-இல் பிறந்தது. எழுபது நாள் கழித்து, அக்டோபர் 3-இல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் இரண்டாவது குழந்தை பிறந்தது. மாநில அரசு அமைத்த விசாரணைக் குழு அதை நம்பவில்லை. ஆராய்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத கண் மருத்துவ நிறுவனத்துக்கு அவர் மாற்றப்பட்டார். 1981-இல் தற்கொலை செய்துகொண்டார். 1986-இல் மும்பையில் பிறந்த குழந்தைக்கு முதல் என்ற பெயர் போனது. அதற்குக் காரணமான விஞ்ஞானி ஆனந்தகுமாரே முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதலிடம் அவருக்குத்தான் என்று 1997-இல் சொன்னார். அப்படி ஆளையே முடித்த அரசு, அப்புறம் நாற்பது வருடம் இந்தத் துறையைச் சட்டமே இல்லாமல் விட்டுவைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இருந்தன. மீறினால் தண்டனை கிடையாது.

2021-இல் இரண்டு சட்டங்கள் வந்து 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தன: ஒன்று செயற்கைக் கருத்தரிப்புக்கு, மற்றது வாடகைத்தாய்க்கு. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வரை, ஆணுக்கு 21 முதல் 55 வரை என வயது வரம்பு வந்தது. கருமுட்டை தானம் செய்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவர் கொடுத்தது ஒரு தம்பதிக்கு மட்டுமே. பணத்துக்காக வாடகைத்தாயாக இருப்பது முற்றிலும் தடை.

கருமுட்டை விதி ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்பவர்களுக்கு ஈரோடு பதில் சொல்லும். சட்டம் வந்த ஐந்தாம் மாதம், 2022 ஜூனில், 16 வயதுச் சிறுமியின் வயதை ஆதாரில் கூட்டிக்காட்டி, பல முறை கருமுட்டை எடுத்து விற்ற வழக்கு அங்கே வெளியே வந்தது. தாயே கைதானார். அந்தச் சிறுமியை அழைத்துப்போன மருத்துவமனைகள் தமிழ்நாட்டில் மட்டும் இல்லை, ஆந்திராவிலும் கேரளத்திலும் இருந்தன. சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான், ஆனால் அதிகாரிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தரகருக்கு அந்த எல்லை தெரியும்.

இறுக்கத்தின் மறுபக்கமும் உண்டு. முன்பு ஒரு பெண் கொடுத்த முட்டைகளை இரண்டு மூன்று தம்பதிகளுக்குப் பிரிப்பார்கள், செலவும் பிரியும். இப்போது முழுச் செலவும் ஒரே தம்பதி தலையில். ஏழு முட்டையில் கரு தங்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து, வேறொரு பெண்ணைத் தேடி. 43, 44 வயதில் குழந்தைக்கு முயல்பவர்களுக்கு இது பெரிய சுமை. பிரிட்டன் கணக்கைப் பார்த்தால், சொந்த முட்டையில் 35 வயதுக்குள் கருப்பையில் வைக்கும் கருக்களில் மூன்றில் ஒன்று குழந்தையாகிறது. 43, 44 வயதில் அது இருபதில் ஒன்று. அங்கே ஒவ்வொரு மையத்தின் வெற்றிக் கணக்கையும் அரசு அமைப்பே இணையத்தில் போடுகிறது. இங்கே நமக்குக் கிடைப்பது பேருந்தின் பின்னால் ஒட்டிய ‘90 சதவீத வெற்றி’.

காரைக்குடியில் இருந்துகொண்டு வெளிநாட்டுச் சட்டம் எதற்கு என்று தோன்றலாம். இந்தப் பக்கத்தில் வெளிநாடு படாத தெரு இல்லை. கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளைப் படம் எடுக்க வருபவர்களுக்கு செட்டிநாடு என்றால் பர்மாத் தேக்கும் நகரத்தாரும்தான். இன்று திருச்சி விமானத்தை நிரப்புவது சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்கும் துபாய் டிரைவர் வேலைக்கும் போகும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும். கல்யாணமாகி எட்டு வருடத்தில் சேர்ந்திருந்தது மொத்தம் பத்து மாதம் என்றிருக்கும் தம்பதிகளைக் குழந்தையின்மை என்று எப்படிக் கணக்கில் எடுப்பது? ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காததைத்தான் மருத்துவம் குழந்தையின்மை என்கிறது. அந்த ஒரு வருடமே இவர்களுக்குக் கிடைப்பதில்லை.

அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்பிடமோ பெற்ற தம்பதிகளுக்குச் சிக்கல் வேறு மாதிரி. சிங்கப்பூரில் ஐவிஎஃப் என்னும் சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்கு இருந்த 45 வயது வரம்பை 2020-இல் எடுத்துவிட்டார்கள். 2023 ஜூலை முதல் 21-இலிருந்து 37 வயது வரையுள்ள பெண்கள் மருத்துவக் காரணம் இல்லாமலே முட்டையை உறையவைக்கலாம். ஆனால் கல்யாணம் செய்த பிறகே அதைப் பயன்படுத்தலாம். வாடகைத்தாய்க்கு அங்கே இடமில்லை. வளைகுடா நாடுகள் பலவற்றில் மூன்றாம் ஆளின் முட்டையையோ விந்தணுவையோ ஏற்கும் பேச்சே இல்லை. இந்தியாவில் கல்யாணமாகாத பெண்ணும் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை பெறலாம், வாடகைத்தாயை நாட முடியாது. தனியாக இருக்கும் பெண்களில் அது 35 முதல் 45 வயதுக்குள் உள்ள விதவைக்கும் விவாகரத்தானவருக்கும் மட்டும். ஆக, ஒரே குடும்பத்தின் அக்காவுக்கும் தங்கைக்கும், எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள் என்பதைப் பொறுத்து வழி திறக்கிறது அல்லது மூடுகிறது.

வழி மூடினால் ஆட்கள் நிற்பதில்லை, இடம் மாறுகிறார்கள். 2015-இல் இந்தியா வெளிநாட்டவருக்கு வாடகைத்தாய் வழியை அடைத்தது. தாய்லாந்தும் நேபாளமும் அதே வருடம் அடைத்தன. தொழில் கம்போடியாவுக்குப் போனது. 2016-இல் கம்போடியாவும் தடை போட்டது. உறைந்த கரு மட்டும் அவ்வளவு எளிதாக இடம் மாறாது. சொந்தக் கருவையோ முட்டையையோ இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக, 2021 சட்டத்தின்படி அமைந்த தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். சென்னை மருத்துவர் சிங்கப்பூரில் இருக்கும் கணவரிடம் போனில் ஆலோசனை சொல்வதுகூட 2020 தொலைமருத்துவ விதிகளுக்குள் வராது. அந்த விதிகள் இந்திய எல்லையோடு நின்றுவிடுகின்றன. நடைமுறையில் எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விதிகள் ஒத்துப்போகாததன் விலை என்ன என்பதற்கு ஐரோப்பா ஒரு கசப்பான உதாரணம் தந்தது. புற்றுநோய்க்கு வழிவிடும் மரபணுக் கோளாறு தன் விந்தணுக்களில் இருப்பது தெரியாமலே ஒருவர் தானம் செய்தார். அவரது விந்தணு பல நாடுகளுக்குப் போனது. அதில் பிறந்த குழந்தைகள் குறைந்தது 197 என்று 2025 கடைசியில் தெரியவந்தது. நாட்டுக்கு நாடு உச்சவரம்பு இருந்தது, எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப்பார்க்க யாரும் இல்லை. நம் ‘ஒருவர் கொடுத்தது ஒரு தம்பதிக்கே’ விதியின் மேல் எனக்கு இருந்த எரிச்சல் அதைப் படித்ததும் பாதி குறைந்தது.

மீதிப் பாதியைக் குறைத்தது இந்த ஊர் வழக்கம். நகரத்தாரில் பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டுவார்கள். பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பையன். கல்யாணமான பிள்ளையையே கூட்டிக்கொண்ட வீடுகளும் உண்டு. ஊரைக் கூட்டி, விருந்து வைத்து, எல்லோரும் அறிய நடக்கும் காரியம் அது. ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயிலில் யார் புள்ளி, அதாவது எந்தக் குடும்பம் எந்தக் கோயிலைச் சேர்ந்தது என்பது கணக்கில் இருக்கிறது. பொதுவாக ஒரே கோயிலுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை என்பதால், சம்பந்தம் பேச வந்தவரிடம் ஆச்சி முதலில் கேட்பதே “நீங்க எந்தக் கோயில்?” என்றுதான். உறவு தெரியாமல் சம்பந்தம் நடந்துவிடக் கூடாது என்ற அந்தக் கவலைக்கு, ஒரே முட்டை பல வீட்டுக்குப் போகாமலிருப்பதும் ஒரு காவல். 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டமும் இதே போக்கில் போகிறது: தத்துப் போன பிள்ளை, பிறந்த வீட்டு முறைப்படி யாரை மணக்கக் கூடாதோ அவர்களைத் தத்துப் போன பிறகும் மணக்கக் கூடாது.

தானமாகப் பெற்ற முட்டையில் பிறந்த குழந்தைக்கு 2021 சட்டம் நேரெதிர் வழியில் போகிறது. அந்தக் குழந்தை எல்லா வகையிலும் அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தை, சொத்துரிமை உட்பட. கொடுத்தவருக்கு உரிமை இல்லை, பெயரும் வெளியே வராது. பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு தானம் செய்தவரின் பெயரை, பிறந்த பிள்ளை 18 வயதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இங்கே அந்தக் கதவு இல்லை. ஆச்சியின் கேள்விக்கு அப்பா வழிக் கோயிலைச் சொல்லிவிடலாம், சொல்லிவிடுகிறார்கள். இரண்டு வழியையும் ஒருசேரப் பார்க்கும் ஒரே ஊர்க்காரர்களாக நாம் இருக்கிறோம்: கூட்டிய பிள்ளையின் வேர் ஊருக்கே தெரியும், தான முட்டையில் பிறந்த பிள்ளையின் வேர் பெற்றவளுக்கே தெரியாது. எதிர்காலத்தில் இந்தப் பிள்ளைகளில் யாராவது கேட்கத்தான் போகிறார்கள். அதற்கு நம் சட்டம் இன்னும் தயாராகவில்லை என்பது என் எண்ணம்.

அந்தத் தேவகோட்டைப் பெண்ணின் கணவருக்கு வருவோம். விந்தணுவை உறையவைத்த அன்று அவரிடம் ஒரு படிவம் நீட்டப்பட்டிருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய இடங்கள் நிறைய. அதில் ஒரு கேள்வி, தம்பதியில் ஒருவர் இறந்துவிட்டால் அல்லது செயலிழந்துவிட்டால் இதை என்ன செய்வது என்று கேட்கும். எழுத்தில் பதில் இல்லாமல் உறையவைக்கக் கூடாது என்பது 2021 சட்டம். சட்டத்துக்கு முன், 2020-இல், டெல்லியில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன்பு விந்தணுவைச் சேமித்த இளைஞர் ஒருவர் எதுவும் எழுதிவைக்காமல் இறந்துபோனார். அதைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல 2024 அக்டோபர் ஆனது. சாரத்தில் ஏறி வேலை பார்க்கப் போகிறவருக்கு அந்தக் கேள்வி சும்மா இல்லை. பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதில்லை. நர்ஸ் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, திருச்சிக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்கள்.